பாலர் அறையின் வாசலில்

(மேல்நிலைப் பள்ளி முடித்த மாணவ மாணவியரும் பெற்றோரும் கூடியிருந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பரீட்சை முடிவு வெளிவந்த நாள் முதலாக வீட்டுக்கு வருவோர் போவோர் எல்லாருக்கும் ஒரே கேள்விக்கு விடை சொல்லிச் சலித்துப் போயிருக்கும் மாணவ மாணவியரே,

மனையியலின் கிளையான குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் என்னும் படிப்பை எந்தக் கல்லூரியில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சிறிது பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் வந்து கேட்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படிப்போடேயே வாழ்ந்து ஓய்ந்தவள் என்ற முறையில் மறுக்க நியாயமில்லாமல் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான், இத்தனை காலத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, இரண்டு கை விரல்களுக்கு மேல் போகவில்லை என்று கண்டேன். மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை, பொறியியலுக்குப் பணம் போதவில்லை, பெண்ணை வெளியூர் அனுப்ப மனமில்லை என்ற காரணங்களின் கடைசிப் படியில் வந்து நின்றுகொண்டு, “மனையியலா, அது சமையல் படிப்புத்தானே, அதற்கென்ன கல்லூரி பார்ப்பது, பஸ் வசதி இருந்தால் போதாதா?” என்று கேட்ட தகப்பனார்களைத்தான் நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன். குறை சொல்லவில்லை, என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள். இருபத்தெட்டாம் நம்பர் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும் என்பதே என் கல்வியின் அஸ்திவாரம்.

முதலாண்டில் ஒரு நாள், கல்லூரித் தோட்டத்தின் மூலையில் ஓட்டுக் கூரையின் கீழ் நடந்துவந்த பாலர் பள்ளிக்கு எங்களை அனுப்பி, ஆளுக்கொரு குழந்தையைக் காட்டி, அரைமணி நேரம் வாய் திறவாமல் அருகில் உட்கார்ந்து, கண்டதையெல்லாம் ரெக்கார்டு நோட்டில் எழுதி வரும்படி எங்கள் பேராசிரியை பணித்தார். எனக்கு வாய்த்தவன் மூன்று வயதுச் சிறுவன். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தம்ளர் ஒன்றைக் கையிலிருந்து விடாமல், மணலில் இறங்காமல், பாட்டில் சேராமல், ஆயா அந்தத் தம்ளரை வாங்கி வைக்க முயன்றபோது வீறிட்டு அழுது ஊரைக் கூட்டியவன். அவனைப் பற்றி, “பிடிவாதக்காரன், கூச்ச சுபாவம் உடையவன், செல்லத்தால் கெட்டவன்” என்று மூன்று வரியில் அரைமணி நேரத்தை முடித்து, நன்றாகவே எழுதிவிட்டோம் என்ற திருப்தியோடு நோட்டை நீட்டினேன். மூன்று வரியையும் சிவப்பு மையால் அடித்து, “இவற்றில் நீ கண்ணால் கண்டது எது?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார் அம்மையார். கோபமாக இருந்தது. மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும் போனேன். நான்காம் நாள்தான், வாசல் கதவு திறக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவன் தம்ளரை மார்போடு அணைப்பதையும், வந்தவர் யாரென்று பார்த்துக் கதவு மூடிய பிறகு அதை மடியில் தாழ்த்திக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் கட்டும் மணல் வீட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டேன். அவன் தாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள் என்பதும், பிள்ளை அத்தை வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான் என்பதும், அது தாய் பால் ஆற்றிக் கொடுக்கும் தம்ளர் என்பதும் பிறகு தெரிந்தன. ஆனால் அவை தெரிவதற்கு முன்பே, அவன் யாரையோ எதிர்பார்க்கிறான் என்பது அவன் கைகளிலேயே எழுதியிருந்தது. படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை அந்தச் சிவப்பு மைதான். காண்பதையும் கருதுவதையும் பிரித்து வைக்கப் பழகுவது. அதுவும், தன் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல மொழி வராத ஒரு ஜீவனின் முன்னால் அதைப் பழகுவது. மற்றவை எல்லாம், மனோதத்துவமும் போஷாக்கு சாஸ்திரமும் சமூகவியலும் புள்ளிவிவரக் கணக்கும், இதற்கு உறுதுணையாக வந்து சேர்பவை. ஆகையால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்திலும் என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது; அதைச் சொல்வதற்கு முன் சற்றுச் சுற்றி வர அனுமதி கேட்கிறேன். வயதானவர்களுக்கு நேர்வழியில் நடக்கக் கால் வருவதில்லை.

குழந்தையைக் கூர்ந்து பார்ப்பது நமக்கு மேல்நாட்டார் கற்றுத்தந்த வித்தையா என்று இங்கே யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையசைக்கும் பருவத்துக்குச் செங்கீரை என்றும், கை கொட்டும் பருவத்துக்குச் சப்பாணி என்றும், தளர்நடையிட்டு வரும் பருவத்துக்கு வருகை என்றும் பெயரிட்டு, செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று மாதக் கணக்கும் கட்டிவைத்தவர்கள் பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள். இன்றைய பாடநூலில் ‘இயக்க வளர்ச்சிப் படிகள்’ என்று வறட்டுத் தலைப்பின் கீழ் வருவதைப் பத்துப் பருவமாக வகுத்துப் பாட்டாகவே பாடியிருக்கிறார்கள். எனினும் அந்தப் பாட்டுகளில் தவழ்ந்தவர்கள் எல்லாரும் முருகனும் மீனாட்சியும் அரச குமாரர்களும் அல்லவா? ஐந்தாம் மாதம் செங்கீரை ஆடாத குழந்தையை, பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையைப் பாடுவதற்குப் புலவர் எவரும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசாத குழந்தையாக இருந்தார் என்றும், பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியில் கிடத்தினார்கள் என்றும், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் வரலாறு சொல்லுகிறார்கள். அருள் பெற்ற பிறகு நடந்ததை உலகம் அறியும். அந்த ஐந்து வருஷ காலம் அவரைப் பெற்ற தாய் எப்படிக் கழித்தாள், அக்கம்பக்கத்தார் அவளிடம் என்ன பேசினார்கள், ஒவ்வோர் இரவும் அவள் எந்த ஓசைக்காகக் காது கொடுத்துக் கிடந்தாள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. நம்முடைய படிப்பு அந்தத் தாயின் பக்கத்தில் உட்காருகிற படிப்பு.

இன்றைக்கும், மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரிடம், “குமரகுருபரர் ஐந்து வயதில்தானே பேசினார், பொறுங்கள்” என்று சொல்லிப் பொன்னான இரண்டு வருஷத்தைக் கழிக்கச் செய்யும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்து வாருங்கள் என்று சொல்வதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்தத் தெருவில் ஒருவர் இருக்க வேண்டும்.

எது தாமதம், எது இயல்பு என்று எப்படி அறிவது என்பதிலே ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவில் நான்ஸி பெய்லி என்ற அம்மையார் பச்சிளங்குழந்தைகளின் வளர்ச்சியை அளப்பதற்கு ஓர் அளவுகோலை ஆக்கினார். அளவுகோல் நல்லதுதான்; ஆனால் கலிபோர்னியக் குழந்தை தொட்டிலில் வளர்ந்த அளவை, குஜராத்தில் இடுப்பிலும் தூளியிலும் வளர்கிற குழந்தைக்கு அப்படியே வைக்கலாமா? பரோடாப் பல்கலைக்கழகத்துக் குழந்தை வளர்ச்சித் துறையில் பிரமிளா பாடக் அம்மையார் நம் நாட்டுக் குழந்தைகளையே வருஷக் கணக்காகப் பரிசோதித்து, நமக்குரிய அளவுகளை வகுத்தார். ‘பரோடா அளவுகள்’ என்றே அவற்றுக்குப் பெயர் நின்றது. பிற்காலத்தில் திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தார் அவற்றிலிருந்து பதினேழே பதினேழு செயல்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு வயது வரை பயன்படும்படி ஒரே தாளில் ஓர் அட்டவணை செய்தார்கள். அதை நடத்திப் பார்க்க வேண்டிய கருவிகள் என்ன தெரியுமா? ஒரு பேனா, ஒரு சாவிக் கொத்து. அவ்வளவுதான். அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிஷங்களில் முடித்துவிடலாம். சாவிக் கொத்தைக் கிலுக்கினால் குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஆயுட்கால உழைப்பு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது.

பரோடாவைச் சொன்னதால் அந்த ஸ்தாபனத்தை வளர்த்த அம்மையாரையும் சொல்லிவிடுகிறேன். 1949-இல் அங்கே துணைவேந்தராகப் பொறுப்பேற்ற ஹன்ஸா மேத்தா, அதற்கு முன்னால் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தை வரையும் சபையில் நம் நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தார். எல்லா ஆண்களும் சமம் என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்த வாசகத்தை எல்லா மனிதர்களும் என்று மாற்றும்படி வாதாடி வென்றவர் அவர். அந்த அம்மையாரின் காலத்தில்தான், 1950-இல், அங்கே மனையியல் புலம் பிறந்தது. டில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-லேயே தோன்றிவிட்டது. நம் பக்கத்தில் சென்னை ராணி மேரிக் கல்லூரியும் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் மனையியலைப் பட்டப் படிப்பாக வளர்த்தவை. கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இல் தொடங்கி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதைக் கட்டி வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் போஷாக்குத் துறையில் பெற்ற கீர்த்தி பெரிது. அவர் நிழலிலே குழந்தை வளர்ச்சியும் வேரூன்றியது.

இந்தத் துறை முதன்முதலில் எங்கே முளைத்தது என்பதும் ரசமான கதை. அமெரிக்காவில் அயோவா என்னும் ராஜ்யம் நம் தஞ்சையைப் போல விளைநிலம். அங்கே நெல்லுக்குப் பதில் சோளம், மாட்டோடு பன்றி. கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்ற குடும்பப் பெண்மணி, பெற்ற பிள்ளைகளில் சிலரைப் பறிகொடுத்தவர், சோளத்தையும் பன்றியையும் விருத்தி செய்வதற்கு ராஜ்யப் பணத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, குழந்தைக்கு ஏன் இல்லை என்று சட்டசபைக்காரர்களை வருஷக் கணக்காக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1917-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பன்றிக்குப் பின்னாலாவது குழந்தைக்கு முறை வந்ததே!

அதே காலத்தில், அதே தேசத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் குரல் தடுமாறும். 1919 முதலாக அங்கே மனையியல் மாணவியர் தங்கிப் பழகும் பயிற்சி இல்லங்களுக்கு அநாதை விடுதிகளிலிருந்து கைக்குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். மாணவியர் முறைபோட்டுக்கொண்டு தாயாக இருப்பார்கள். இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் வேறொருத்தி. ஆகாரம், தூக்கம், குளியல், எடை எல்லாம் கடிகாரப்படி, எல்லாவற்றுக்கும் பதிவேடு. குழந்தைகளுக்குக் குடும்பப் பெயராக, குடும்பப் பொருளியல் என்ற பாடத்தின் ஆங்கிலப் பெயரையே சுருக்கி ‘டோமெகான்’ என்று வைத்தார்கள். எடை ஏறிக் கன்னம் உப்பிக் குழந்தைகள் வளர்ந்தன என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் விடுபட்டிருந்தது: வாரந்தோறும் மாறும் முகங்களில் எதைப் பார்த்து அந்தக் குழந்தை சிரித்தது, எது போனபோது அழுதது என்பதற்கு அதில் இடமில்லை. கெட்டவர்கள் செய்த காரியமல்ல அது. படித்த, இரக்கமுள்ள, சுத்தமான பெண்கள் செய்தது. பார்வை பழகாமல் பதிவேடு மட்டும் பழகினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் அந்த வழக்கம் ஒழிந்தது.

அதே கார்னெலில்தான் பின்னாளில் யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னர் என்ற அறிஞர் இருந்தார். மாஸ்கோவில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். ஏழைக் குழந்தைகளுக்காக 1965-இல் அந்நாட்டரசு ஆரம்பித்த ஹெட் ஸ்டார்ட் திட்டத்தின் மூலவர்களில் ஒருவர். குழந்தையைத் தனியே பிடித்து நிறுத்தி ஆராய்வதில் அர்த்தமில்லை. வீடு, அதற்கு வெளியே பள்ளி, அதற்கும் வெளியே தகப்பன் வேலைபார்க்கும் இடம், அதற்கும் வெளியே ராஜாங்கமும் ஜாதியும் சந்தையும் என்று அடுக்கடுக்காகச் சூழ்ந்திருப்பவற்றோடு சேர்த்துத்தான் அதை அறிய முடியும் என்பது அவர் சித்தாந்தம். 1979-இல் வெளிவந்த தம் நூலில், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ருஷ்ய மரப்பொம்மையை அவர் உவமை சொன்னார். நான் வகுப்பில் ஸ்ரீரங்கத்தைச் சொல்வேன். ஏழு பிராகாரம்; வெளிப் பிராகாரத்தில் கடையும் வண்டியும் சண்டையும்; உள்ளே போகப் போக அமைதி. ஆனால் வெளிச் சுற்றில் தேர் நின்றுபோனால் உள்ளே உற்சவம் உண்டா? குடும்பவியல் என்று நம் படிப்பின் பெயரில் இரண்டாவதாக ஒட்டிக்கொண்டிருக்கும் சொல் அந்தப் பிராகாரங்களைக் குறிப்பது. கல்யாணத்துக்குப் பெண்ணைத் தயார் செய்யும் படிப்பு என்று அதை மொழிபெயர்த்துக்கொள்ளும் சம்பந்தி வீட்டார் தயவுசெய்து மன்னிக்க வேண்டும்.

பிராகாரம் என்பது கற்பனையல்ல என்பதற்கு டில்லியில் 1969-இல் நடந்ததைச் சொல்கிறேன். காந்தியடிகள் நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்காக ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. மீரா மகாதேவன் என்ற அம்மையார் அந்தப் பக்கம் போனபோது, சித்தாள் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகள் வெயிலிலும் மண்குவியலிலும் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தார். ஏழைகளின் தந்தைக்கு விழா எடுக்கிறோம், ஏழையின் குழந்தை மண்ணில் கிடக்கிறது. அங்கேயே ஒரு கூடாரம் அடித்தார். அதுவே ‘மொபைல் கிரச்சஸ்’ என்ற பெயரில், கட்டடம் எழும் இடமெல்லாம் கூடவே நகர்ந்து செல்லும் குழந்தைகள் காப்பகமாக வளர்ந்தது. எத்தனையோ பேர் அந்த வழியே போனார்கள்; அவர் கண்ணில்தான் பட்டது.

சரி, உத்தியோகம் என்ன கிடைக்கும் என்று பின்வரிசையில் ஒரு தகப்பனார் அமைதி இழந்து நெளிவது தெரிகிறது. சொல்லத்தான் வேண்டும், ஆனால் இந்தப் பகுதியை ஆசை வார்த்தையால் அலங்கரிக்க மாட்டேன். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி முப்பத்து மூன்று வட்டாரங்களில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று தேசம் முழுவதும் பரவி, தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகளாக நிற்கிறது. அதன் மேற்பார்வைப் பதவிகளிலும் திட்ட அலுவலர் பதவிகளிலும் மனையியல் போன்ற பட்டங்களுக்கு இடம் உண்டு. 2017-இல் திருத்திய பேறுகாலச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று விதித்தது. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் குழந்தைப் பாதுகாப்பு அலகுகள் இருக்கின்றன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நமக்குள் ஆயிரம் வழக்கு இருந்தாலும், மூன்று வயதிலிருந்தே அஸ்திவாரக் கல்வியை எண்ண வேண்டும் என்று அது ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைதான் உரிமை தருகிறது. ஆறு வயதுக்குட்பட்டவர்களை அரசமைப்பின் 45-ஆம் பிரிவு, அரசு முயல வேண்டியது என்ற கடமையாக மட்டும் வைத்திருக்கிறது. உரிமை இல்லாத இடத்தில் ஊதியமும் இளைத்துத்தான் இருக்கும். தனியார் மழலையர் பள்ளிகள் பலவற்றில் கொடுக்கும் சம்பளத்தை இந்தச் சபையில் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று வருஷம் முடித்தவுடன் கைநிறையச் சம்பளம் வேண்டும் என்பவர் வேறு படிப்பைப் பார்ப்பதே உத்தமம். இதில் முதுகலையோ சிறப்புப் பயிற்சியோ சேர்த்தால்தான் படி ஏறும்.

இன்னொரு ஜாக்கிரதை. பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். மனையியல், மனித மேம்பாடு, மனித மேம்பாடும் குடும்பவியலும், குழந்தைப் பருவக் கல்வி என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பெயர் சூட்டுகிறது. பாடம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம், ஆனால் அரசுப் பணி அறிவிக்கையில் கேட்கும் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அழகான பெயருடைய பட்டத்தை வாங்கிக்கொண்டு, விண்ணப்பம் தள்ளுபடியான பிறகு அழுதுகொண்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். அவ்வாறே, இந்தப் பட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு மருத்துவ மனோதத்துவ நிபுணர் என்றோ சிறப்புக் கல்வி ஆசிரியர் என்றோ பலகை மாட்ட முடியாது. அவற்றுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். பள்ளி ஆசிரியராவதற்கு உரிய பயிற்சிகள் வேறு. சேர்க்கும் நேரத்தில், எல்லா வழியும் இங்கிருந்தே திறக்கும் என்று யாரேனும் சிரித்துக்கொண்டே சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆண்பிள்ளைகள் சேரலாமா? சேரலாம், இருபாலர் கல்லூரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடம் பெரும்பாலும் பெண்கள் கல்லூரிகளிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. குழந்தை வளர்ப்பது பெண் விஷயம் என்று படிப்பும் சொன்னால், அப்புறம் வீட்டில் தகப்பனார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

இனி, முதலில் சொன்ன அந்த ஒரே யோசனைக்கு வருகிறேன். விவரப் புத்தகத்தைப் படியுங்கள், தர மதிப்பீட்டைப் பாருங்கள், விடுதிச் சாப்பாட்டை விசாரியுங்கள்; இவையெல்லாம் பத்து நிமிஷ வேலை. அதன் பிறகு முதல்வர் அறைக்குப் போகாமல், “உங்கள் பாலர் பள்ளி எங்கே?” என்று காவலாளியிடம் கேளுங்கள். லேப் நர்ஸரி என்று சில இடங்களில் சொல்வார்கள். அது இல்லாத கல்லூரியில் இந்தப் படிப்பைப் படிப்பது ஆறில்லா ஊரில் நீச்சல் படிப்பது போல. இருக்கிறது என்று சொல்லிப் பூட்டிய அறையைக் காட்டினால் அதைவிட மோசம். பொம்மைகள் கண்ணாடி அலமாரியில் தூசி படியாமல் பளபளவென்று இருந்தால், அங்கே குழந்தைகள் அவற்றைத் தொட்டதில்லை என்று பொருள்.

திறந்திருக்கிறதா? வாசலில் அரைமணி நேரம் நிற்க அனுமதி கேளுங்கள். 1939-இல் குழந்தைக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஓலைக் கொட்டகைகளில் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்த ஏறத்தாழ முந்நூறு பேரைப் பயிற்றுவித்தார். யுத்தம் மூண்டு, இத்தாலியர் என்ற காரணத்தால் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டு, சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கவேண்டி வந்தபோதும், அங்கே கைக்குழந்தை முதற்கொண்டு எல்லா வயதுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பிறந்த நாள் முதல் குழந்தை எப்படிக் கற்கிறது என்பது பற்றிய அவருடைய பிற்காலக் கருத்துகள் நம் மண்ணில் முதிர்ந்தவை. ‘உறிஞ்சும் மனம்’ என்று பொருள்படும் அவர் நூல் 1949-இல் அடையாற்றிலிருந்துதான் வெளிவந்தது. எழுபது வயதுக்கு மேல், அந்நிய தேசத்தில், காவலுக்குட்பட்டு அவர் செய்ததை, பதினெட்டு வயதில் நீங்கள் அரைமணி செய்யக் கூடாதா?

எதைப் பார்ப்பது என்கிறீர்களா? தண்ணீர்க் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை தானே கைகழுவ முடிகிறதா, அல்லது ஒவ்வொரு தடவையும் ஆயாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறதா? சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் யார் கண்மட்டத்தில் இருக்கின்றன? அழுகிற குழந்தையிடம் ஆசிரியை நின்றுகொண்டு பேசுகிறாரா, உட்கார்ந்து பேசுகிறாரா? கல்லூரி மாணவியர் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் வந்து, ஜிகினா ஒட்டிய அட்டைப் படங்களை மாட்டிவிட்டுப் போகிறார்களா, அல்லது வருஷம் முழுவதும் முறைவைத்து வந்து, மூலையில் உட்கார்ந்து எழுதுகிறார்களா? கூச்சப்படாமல் ஒரு மாணவியின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். கலர் பென்சில் அலங்காரமும் கோடு தவறாத எழுத்தும், பக்கத்துக்குப் பக்கம் ‘வெரி குட்’டும் இருந்தால் எனக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. அடித்தல் திருத்தல் இருக்கட்டும். ஓரத்தில் யாரேனும் கேள்வி எழுதியிருக்கட்டும். கடைசியாக, அந்தத் துறை ஆசிரியையிடம், எதிரே விளையாடும் பிள்ளைகளில் ஏதேனும் ஒன்றைக் காட்டி, “இந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். “நல்ல பிள்ளை, ஆக்டிவ்” என்று முடித்துவிட்டால் வணக்கம் சொல்லிப் புறப்படுங்கள். “நேற்று வரை அந்த மாடிப்படியில் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தான்...” என்று அவர் ஆரம்பித்தால், கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கலாம்.

போன வருஷம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இந்தப் பைத்தியக்கார யோசனையைக் கேட்டுக்கொண்டு, தகப்பனாரையும் இழுத்துக்கொண்டு மூன்று கல்லூரிகளுக்குப் போனாள். முதல் கல்லூரியில் காப்பி கொடுத்து, குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, திரையில் படம் காட்டினார்கள். பாலர் பள்ளி அன்றைக்கு விடுமுறையாம். இரண்டாவதில் பூட்டிய அலமாரி. மூன்றாவதில் அவர்களை வரவேற்கவே ஆளில்லை. துறைத் தலைவி எங்கே என்று கேட்டதற்குத் தோட்டத்தைக் கைகாட்டினார்கள். அங்கே அந்த அம்மாள், பட்டுப்போன முருங்கை மரத்தடியில், எறும்புப் புற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் தாமும் முழந்தாளிட்டுக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாராம். வந்தவர்களைக் கண்டதும், சற்றுப் பொறுங்கள் என்று கையால் மட்டும் சைகை காட்டிவிட்டு, இருபது நிமிஷம் திரும்பவே இல்லையாம். பெண் அங்கேதான் சேர்ந்தாள். மற்ற இரண்டு இடத்திலும் கட்டிய விண்ணப்பக் கட்டணம் வீணாய்ப் போயிற்று என்று அவள் தகப்பனார் என்னைக் காணும்போதெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.